சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த நர்ஸ்: பூசைக்கும் டியூட்டிக்கும் நடுவே நமக்கென்று நாலு பேரை எப்படித் தேடுவது?

மணப்பாட்டுப் பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடுதான் என் ஊர், கத்தோலிக்கக் குடும்பம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, இந்த வருடத் தொடக்கத்தில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் சிங்கப்பூர் வந்தேன். தீவின் வடக்குப் பக்கம், இன்னும் மூன்று நர்ஸ்களோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வேலையைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். ப்ரிசெப்டர் பொறுமையாகச் சொல்லித் தருகிறார், சம்பளம் நாள் தவறாமல் வருகிறது. என் கவலை வேறு.

எங்கள் வார்டில் பிலிப்பைன்ஸ், மியன்மார், சீனா, மலேசியா என்று எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் மொழியில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

போன மாதம் ஒரு தமிழ்ப் பாட்டி எங்கள் வார்டில் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கல்யாணமாகி வந்தவர். மருந்து கொடுக்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் முதலில் கேட்பார். நைட் டியூட்டியில், விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், என் கண் முன்னாலேயே போய்விட்டார். உடலைத் துடைத்து, முடியை வாரி, மகன் வருவதற்குள் எல்லாம் சரி செய்தேன். அப்புறம் அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்டோவர், அப்புறம் பஸ், அப்புறம் வீடு. மதுரையில் என்றால் டியூட்டி முடிந்ததும் நாலைந்து பேர் சேர்ந்து சிற்றாலயத்தில் ஜெபமாலையில் பத்து மணிகளாவது சொல்லிவிட்டுத்தான் போவோம். இங்கே அன்று ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை.

ஊரில் பாடகர் குழுவில் இருந்தேன், மறைக்கல்வி வகுப்பு எடுத்தேன், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் எங்கள் அன்பியத்தில் எல்லா வீடும் எனக்குத் தெரியும். இங்கே வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பங்கு ஆலயத்தில் ஆங்கிலப் பூசைக்குப் போகிறேன். ஆலயம் நிறையக் கூட்டம். பூசை முடிந்ததும் பின்னால் கேன்டீனில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு காபியை வாங்கிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். அதுவும் ஞாயிறு டியூட்டி இல்லாத வாரத்தில்தான். டியூட்டி இருந்தால் அதுவும் இல்லை. பூசையை விட்ட வாரமெல்லாம் மனசு உறுத்துகிறது.

ஒரு தோழி ஒரு ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். முதல் நாளே சம்பளம் எவ்வளவு என்று கேட்டு, பத்தில் ஒரு பங்கு கொடுக்க ஒரு படிவத்தையும் நீட்டினார்கள். அதோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

தமிழ்ப் பூசை எங்கே உண்டு? ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள் எப்படி ஒரு பங்கில் ஒட்டிக்கொள்கிறீர்கள்? வேலை, விசுவாசம் இரண்டையும் புரிந்துகொண்டு பேச ஆள் கிடைத்தால் போதும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தாம்சன் ரோடு அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் பாளையங்கோட்டைக்காரி. சார்ஸ் வந்து போன மறு வருடம், 2004ல், இங்கே நர்ஸாக வந்தேன். இன்றைக்கும் வார்டில்தான் இருக்கிறேன். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன்.

முதலில் அந்தப் பாட்டி. மரணத்தைப் பார்த்த இரவை உள்ளே போட்டு மூடி வைக்காதே. இங்கே பல மருத்துவமனைகளில் ஊழியர்கள் மனம் விட்டுப் பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற சக ஊழியர்கள் இருப்பார்கள். உன் நர்ஸ் மேனேஜரிடம் கேள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்தப் பாட்டி வேறு மதமாக இருந்தாலும் அவருக்காக நீ வேண்டிக்கொள்ளலாம். நவம்பர் இறந்தோர் மாதம் வரும்போது என் வார்டில் இறந்தவர்களை நினைத்து ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்வது என் வழக்கம்.

தமிழ்ப் பூசைக்கு ஓஃபிர் ரோட்டில் உள்ள லூர்து மாதா ஆலயத்துக்குப் போ. தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே கட்டிய கோயில் அது. 1886ல் அடிக்கல் நாட்டி 1888ல் திறந்தார்கள். அதற்கு முன்னால் நம் ஜனங்கள் குவீன் ஸ்ட்ரீட்டில் உள்ள புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கரோடு சேர்ந்து பூசை கண்டார்கள். பிரான்ஸிலிருந்து வந்த வேதபோதகச் சாமியார்கள்தான் இரண்டு ஜனத்தையும் பார்த்துக்கொண்டது. 2005லிருந்து லூர்து மாதா ஆலயம் இங்கே தேசிய நினைவுச் சின்னம். நான் வந்த காலத்தில் புகிஸில் இறங்கி வேர்க்க விறுவிறுக்க நடப்பேன். இப்போது ரோச்சர் எம்ஆர்டியில் இறங்கினால் பக்கம். பூசை நேரம் அவ்வப்போது மாறும், ஆலயத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போ. சில பங்குகளில் மாதம் ஒரு தரம் தமிழ்ப் பூசை இருக்கும், மைகத்தோலிக்எஸ்ஜி என்ற கத்தோலிக்க இணையத் தளத்தில் தேடினால் தெரியும்.

ஞாயிறு டியூட்டி என்றால் சனிக்கிழமை சாயங்காலப் பூசை இருக்கிறது. அது ஞாயிறுப் பூசைக்குச் சமம்தான். அதுவும் முடியாமல் போனால், தக்க காரணம் உள்ளவருக்கு ஞாயிறு பூசைக் கடமையிலிருந்து விலக்கு உண்டு என்று மறைக்கல்வி நூலே சொல்கிறது. நோயாளியைப் பார்ப்பது தக்க காரணம் இல்லை என்றால் வேறு எது? ஒருமுறை சாமியாரிடமே கேட்டுத் தெளிந்துகொள். நீ உறுத்தலோடு நைட் டியூட்டி பார்ப்பது யாருக்கும் நல்லதில்லை.

சனிக்கிழமை பற்றி இன்னொன்று. தாம்சன் ரோட்டில் புனித அல்போன்ஸ் ஆலயம் இருக்கிறது. எல்லோரும் நொவீனா சர்ச் என்றுதான் சொல்வார்கள், எம்ஆர்டி நிலையத்துக்கே அந்தப் பெயர்தான். இடைவிடா சகாய மாதா நவநாள் சனிக்கிழமை முழுக்க பல வேளை நடக்கும். எந்த ஷிஃப்ட் பார்த்தாலும் ஏதாவது ஒரு வேளைக்குப் போய்விடலாம். டான் டொக் செங் மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதால் நைட் முடித்து, கண் எரிய எரிய வந்து உட்காரும் நர்ஸ்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். ஜனங்கள் எழுதிப் போடும் மன்றாட்டுக் கடிதங்களையும் நன்றிக் கடிதங்களையும் நவநாளின்போது வாசிப்பார்கள். மகனுக்கு வேலை, அப்பாவுக்குப் புற்றுநோய், பரீட்சை, கடன்... மற்றவர்கள் பாரத்தைக் கேட்கிறபோது நம் பாரம் கொஞ்சம் இறங்கும். எனக்கு அந்த முதல் வருடம் அதுதான் பிடிமானம்.

ஆனால், தங்கச்சி, பூசை கேட்டுவிட்டு வருவதால் மட்டும் ஆள் கிடைத்துவிடாது. கேன்டீனில் எத்தனை மாதம் நின்றாலும் அப்படித்தான் இருக்கும். நீ வராவிட்டால் "எங்கே காணோம்?" என்று கேட்கிற ஒரு இடத்தில் போய்ச் சேர். உனக்குப் பாட வரும். பாடகர் குழுத் தலைவரிடம் நேரே போய், "நான் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல் பாடுவேன், ஷிஃப்ட் வேலை, மாதத்தில் இரண்டு வாரம்தான் வர முடியும்" என்று முதலிலேயே சொல்லிவிடு. இங்கே பாதி ஜனம் ஷிஃப்ட் வேலைதான் பார்க்கிறது, புரிந்துகொள்வார்கள். ஏழு மணிக்கு ஒத்திகை என்று இருக்கும், அன்றைக்குப் பார்த்து நீ பிஎம் ஷிஃப்டில் மாட்டிக்கொள்வாய். அப்போது குழுவில் இரண்டு வரி போட்டுவிடு. யாராவது பாட்டை ஒலிப்பதிவு செய்து அனுப்புவார்கள். அந்தச் சின்ன விசாரிப்பில்தான் பழக்கம் வேர் பிடிக்கும்.

வார்டு விஷயமும் இதே மாதிரிதான். உன் விசுவாசத்தை வார்டில் மறைக்காதே, அதற்காகப் பிரசங்கமும் வேண்டாம். உன் பிலிப்பைன்ஸ் தோழிகளில் முக்கால்வாசிப் பேர் கத்தோலிக்கராகத்தான் இருப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் "சிம்பாங் கபி" என்று அவர்கள் பூசை வைப்பார்கள், இங்கே பல ஆலயங்களில் சாயங்காலம் நடக்கும். "நானும் வரட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார். அப்புறம் சாப்பாட்டு மேசையில் நீ தனியாக உட்கார மாட்டாய்.

இன்னொன்று, டியூட்டி போடும் ரோஸ்டர். பெரிய வெள்ளி இங்கே பொது விடுமுறை. பெரிய வியாழனும் ஈஸ்டரும் கிடையாது. சீனப் புத்தாண்டு இரண்டு நாளும் டியூட்டி பார்க்க ஆள் இல்லாமல் மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார். அப்போது முந்திக்கொண்டு, "நான் இரண்டு நாளும் வருகிறேன், புனித வாரத்தில் எனக்கு மூன்று நாள் மாலை ஃப்ரீயாக வேண்டும்" என்று சொல். நான் வருடா வருடம் இதைத்தான் செய்கிறேன். சீனத் தோழி குடும்பத்தோடு விருந்து சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு வருவாள், நான் நிம்மதியாகப் பெரிய வியாழன் பூசைக்குப் போவேன்.

கத்தோலிக்க நர்ஸ்களுக்கென்று கில்டு என்று ஒரு சங்கமும் இருக்கிறது. மவுன்ட் அல்வெர்னியா மருத்துவமனை நம் கன்னியாஸ்திரிகள் 1961ல் தொடங்கியது. அவர்கள் முதலில் இங்கே வந்தது 1949ல், காசநோயாளிகளுக்கு நர்ஸ் வேலை பார்க்க. வேலையையும் ஜெபத்தையும் ஒன்றாகவே வைத்து வாழ்ந்தவர்கள். அங்குள்ள சிற்றாலயத்துக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்.

கடையநல்லூர்க்காரன் எழுதியது:

சகோதரி, நான் வேறு மார்க்கம். மருத்துவமனை லேபில் வேலை. பிரச்சினை ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

உங்களுக்கு ஞாயிறு என்றால் எனக்கு வெள்ளி. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் ஜும்மா பயான், அதாவது தொழுகைக்கான உரை, தமிழில் இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம்தான் லேபில் சாம்பிள் வந்து குவியும். முதல் இரண்டு மாதம் சொல்லத் தயங்கிச் சும்மா இருந்தேன். அப்புறம் சூப்பர்வைசரிடம் போய், சாப்பாட்டு நேரத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் சீனர், ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். இந்த ஊரில் எல்லோருக்கும் ஏதோ ஒரு பண்டிகை, ஏதோ ஒரு விரதம் இருக்கிறது. கேட்டால் பெரும்பாலும் வழி செய்வார்கள். கேட்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது.

ரமலானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். ஒரு பெரிய டப்பாவில் வாங்கிப் போய் லேபில் வைத்தேன். மியன்மார்க்காரத் தம்பி ஒருவன் இரண்டு கப் குடித்துவிட்டு, இதில் என்ன போடுகிறார்கள் என்று வெந்தயம் வரைக்கும் கேட்டு எழுதிக்கொண்டான். அன்றிலிருந்து அவன்தான் எனக்கு நெருக்கம். எனக்கு அவசரம் என்றால் ஷிஃப்ட் மாற்றிக்கொள்கிறவனும் அவன்தான்.

ஊர்ச் சங்கத்தையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் கடையநல்லூர், தென்காசி ஆட்கள் ஒரு காலத்தில் தஞ்சோங் பகார் பக்கம் மொத்தமாகக் குடியிருந்தவர்கள். இன்றைக்கும் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் வந்து நிற்பது ஊர்க்காரர்கள்தான். கடற்கரை ஊர் ஆட்களும் நிறைய இங்கே இருக்கிறார்கள், லூர்து மாதா ஆலயத்தில் விசாரியுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பழக்கமான புதிதில் யாராவது கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள், அது எந்த மதத்து ஆளாக இருந்தாலும் சரி. அதேபோல, "ஆஃப் நாளில் வந்து எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள், காசு தருகிறேன்" என்பார்கள். எஸ் பாஸில் இருப்பவர் முதலாளியிடம் மட்டும்தான் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். நல்ல மனசோடுதான் கேட்பார்கள், ஆனால் மாட்டினால் போவது உங்கள் பாஸ்.

பீடோக்வாசி எழுதியது:

அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்குக் கருத்து வேறு. வடக்குப் பக்கம் இருக்கிற பெண்ணை ஒவ்வொரு வாரமும் ஓஃபிர் ரோட்டுக்கு அனுப்பாதீர்கள். நைட் முடித்து வந்தவள் அந்தத் தூரம் போய்த் திரும்பினால் தூக்கம் போச்சு.

நான் கோவை, பிசியோதெரபிஸ்ட். வந்த புதிதில் தமிழ்ப் பூசைக்கு மட்டும்தான் போவேன். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வீடு பீடோக்கில். திங்கள் முதல் சனி வரை என் தெருவில் ஒருவரையும் தெரியாது. காய்ச்சல் வந்து கிடந்தபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் பக்கத்துப் பங்கின் அலுவலகத்துக்குப் போய், எங்கள் பிளாக்குக்கு எந்தக் குழு என்று கேட்டேன்.

நம் ஊர் அன்பியம் போலவே இங்கே பல பங்குகளில் அக்கம்பக்கத்துக் குழுக்கள் உண்டு. என்சிசி என்பார்கள். ஒருவர் வீட்டில் கூடி, வரும் ஞாயிறு நற்செய்தியை வாசித்துப் பேசுவார்கள், அப்புறம் சாப்பாடு. எங்கள் குழுவில் பெரும்பாலும் அறுபது தாண்டிய சீன ஆன்ட்டிகள், ஒரு யூரேசியத் தம்பதி, நான். முதல் நாள் நான் வாயே திறக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த ஆன்ட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிற இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் வீட்டுக் கோழிக்கறியோடு வாசலில் வந்து நின்றார். இன்றைக்கு என் வீட்டு இன்னொரு சாவி அவரிடம்தான் இருக்கிறது.

தமிழ்ப் பூசைக்கு மாதம் ஒரு தடவை போங்கள். அழ வேண்டியதை நம் மொழியில்தான் அழ முடியும், அது எனக்கும் தெரியும். ஆனால் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வருகிற தூரத்தில் இரண்டு பேராவது வேண்டும். உங்கள் பிளாக்குக்கு எந்தக் குழு என்று நாளைக்கே பங்கு அலுவலகத்தில் கேளுங்கள்.

தாம்சன் ரோடு அக்கா எழுதியது:

பீடோக்வாசி சொல்வது சரிதான். எனக்கு ஓஃபிர் ரோடு பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், அதனால் அப்படிச் சொன்னேன். பக்கத்துப் பங்கில் குழுவில் சேர், பாட்டுக்கு மாதம் ஒருமுறையோ இருமுறையோ லூர்து மாதாவிடம் வா. ஆனால் இரண்டு இடத்திலும் எல்லாப் பொறுப்பையும் தலையில் போட்டுக்கொள்ளாதே. புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைகள் தனிமைக்குப் பயந்து ஆஃப் நாள் எல்லாவற்றையும் கோயிலுக்கே கொடுத்துவிட்டு, நாலே மாதத்தில் சோர்ந்து எதற்கும் வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒரு ஆஃப் நாள் தூக்கத்துக்கு, துணி துவைக்க, தேக்கா சந்தையில் மீன் வாங்கிக் குழம்பு வைக்க.

வேலையிடத்தில் ஏதாவது அநியாயம் என்றால் அது ஜெபக் குழுவில் தீராது. அதற்குத் தொழிற்சங்கம் இருக்கிறது. சுகாதாரத் துறை ஊழியர்களின் சங்கத்தில் வெளிநாட்டு நர்ஸ்களும் சேரலாம். மறைமாவட்டத்திலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கென்று ஆக்மி என்ற அமைப்பு 1998லிருந்து இருக்கிறது. பாஸ், சம்பளச் சிக்கல் என்றால் அவர்களிடமும் கேட்கலாம். எந்த இடத்தில் எதைக் கேட்பது என்று தெரிந்து வைத்துக்கொள்.

மணப்பாட்டுப் பொண்ணு எழுதியது:

அக்கா, அண்ணே, பீடோக்வாசி, மூன்று பேருக்கும் நன்றி. பதில்களை என் அறைத்தோழிக்கும் வாசித்துக் காட்டினேன், அவள் இடிந்தகரைப் பொண்ணு.

பங்கு அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் பிளாக்குக்கு அடுத்த பிளாக்கிலேயே ஒரு குழு கூடுகிறதாம். என் எண்ணை வாங்கிக்கொண்டார்கள். அன்று இரவே ஒரு மலேசிய அங்கிள், பினாங்குக்காரர், தமிழில் செய்தி அனுப்பினார். மலேசியாவில் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஜூலையில் பஸ் வைத்துப் போவார்களாம், "இப்போதே பெயர் கொடுக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறார்.

வார்டில் பிலிப்பைன்ஸ் தோழியிடம் சிம்பாங் கபி பற்றிக் கேட்டேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். நான் இந்து என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். பாட்டி இறந்த இரவு அவளும் டியூட்டியில்தான் இருந்தாள். இரண்டு பேரும் டியூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அவருக்காக ஜெபமாலையில் ஒரு பத்து மணிகள் சொன்னோம், அவள் தகலாக்கில், நான் தமிழில்.

பாடகர் குழுவுக்கு இன்னும் போகவில்லை. அடுத்த மாத ரோஸ்டர் வந்ததும் போகலாம் என்றிருக்கிறேன். அக்கா, ஆஃப் கேட்பது எவ்வளவு நாளைக்கு முன்னால் கேட்க வேண்டும்? பிப்ரவரியில் லூர்து மாதா திருவிழாவுக்குப் போக ஆசை.

தாம்சன் ரோடு அக்கா எழுதியது:

திருவிழா பிப்ரவரி 11. சீனப் புத்தாண்டும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் வரும், அதனால் லீவுக்கு அடிதடி இருக்கும். டிசம்பர் ரோஸ்டர் ஒட்டும்போதே மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட்டு, ரிக்வெஸ்ட் திறந்த அன்றே போட்டுவிடு. முழு ஆஃப் கிடைக்காவிட்டால் ஏஎம் ஷிஃப்ட் கேள், சாயங்காலப் பூசைக்கு வந்துவிடலாம். இடிந்தகரைத் தங்கச்சியையும் கூட்டி வா. பாடகர் குழுவில் சேர்ந்தால் அவளுக்கு என்ன குரல்?